கணக்கு யார் தலையில் எழுதியிருக்கிறது?

நமது நாட்டில் ஒரு பிள்ளைக்குப் பாட்டு வராவிட்டால் பழக்கம் போதாது என்கின்றோம். நீச்சல் வராவிட்டால் இன்னும் நாலு நாள் தண்ணீரில் இறங்கட்டும் என்கின்றோம். கணக்கு வராவிட்டால் மாத்திரம், "அவனுக்குக் கணக்கு மூளை இல்லை, அது பிறவியிலேயே வரவேண்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகின்றோம். அதிலும் பிளஸ் டூ வகுப்பில் வகையிடல், தொகையிடல் என்னும் நுண்கணிதப் பாடம் வந்துவிட்டாலோ கேட்க வேண்டியதே இல்லை. அது சில சாதிகளுக்கும் சில குடும்பங்களுக்கும் மாத்திரமே வரும் சங்கதி என்று தகப்பனார் சொல்லுகின்றார், உபாத்தியாயரும் சொல்லுகின்றார், கடைசியில் அந்தப் பிள்ளையே அதை நம்பிவிடுகின்றது. 'தலையெழுத்து' என்னும் பழைய சரக்குக்கு 'மூளை' என்று புதுப்பெயர் ஒட்டி விற்கும் வியாபாரமே இது என்போம்.

இதனால் விளையும் நஷ்டம் சிறிதல்ல. தமிழ்நாட்டில் 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லாமல், பிளஸ் டூ மார்க்கைக் கொண்டே இன்ஜினீயரிங் கல்லூரிகளில் இடம் கொடுக்கப்படுகின்றது. அதற்குக் கணக்கிடும் 200 மார்க்கில் 100 கணிதத்துக்கே உரியது. பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50. ஆகவே கணக்கை விட்டவன் பாதியை விட்டவனாகின்றான். பெரியவர்கள் போராடித் திறந்த கதவின் முன் நின்று, நம் பிள்ளை "எனக்கு மூளை இல்லை" என்று திரும்பிப் போவானானால், கதவு திறந்து என்ன பயன்?

பிறவி மூளை என்பது எவ்வளவு புரட்டு என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைக் கூறுகின்றோம். கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி சர்வகலாசாலையில் 1970-களில் கருப்பினத்து மாணவர்கள் பலர் நுண்கணிதத்தில் தோற்று வந்தார்கள். ஊக்கமில்லை, அடிப்படைப் படிப்பு போதாது, வீட்டில் ஆதரவில்லை, வறுமை என்று ஆசிரியர்கள் பலவிதமாகக் காரணம் சொன்னார்கள். யூரி டிரைஸ்மன் என்பவர் இந்த ஜோசியங்களை அப்படியே நம்பாமல், கருப்பினத்து மாணவர் 20 பேரையும் சீன வம்சத்து மாணவர் 20 பேரையும் கூடவே இருந்து கவனித்தார். சொன்ன காரணங்கள் ஒன்றும் நிலைக்கவில்லை. கருப்பினத்து மாணவர்கள் மெய்வருந்தித்தான் படித்தார்கள். ஆனால் தனித்தனியே படித்தார்கள். சீன மாணவர்களோ தாங்களாகப் போட்டுப் பார்த்த பிறகு, ஒன்றாகக் கூடி விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் பிழையை ஒருவர் எடுத்துக்காட்டினார்கள். இதைக் கண்ட டிரைஸ்மன், மாணவர்களைக் கூட்டிவைத்து, சுலபமான கணக்குகளை விட்டுக் கடினமான கணக்குகளையே கொடுத்துச் சேர்ந்து போடும்படி செய்தார். தோற்று வந்த கூட்டத்தார் நன்றாகத் தேறினார்கள். அவர்கள் மண்டைக்குள் இருந்த மூளை பழைய மூளையேதான்!

நமது வகுப்புக் கணக்கு ஒன்றையே பாருங்கள். 18 சென்டிமீட்டர் சதுரத் தகரம் ஒன்று. நான்கு மூலையிலும் சமமான சிறு சதுரங்களை வெட்டி எடுத்து, ஓரங்களை மடித்து, மூடியில்லாத பெட்டி செய்ய வேண்டும். மிக அதிகம் கொள்ளும் பெட்டிக்கு எவ்வளவு வெட்டுவது? தனியாக இருப்பவன் இதற்குச் சூத்திரம் எது என்று தேடியே களைத்துப்போவான். நாலு பேர் கூடினாலோ, ஒருவன் காகிதத்தை வெட்டி மடித்துக் காட்டுகின்றான். வெட்டும் நீளம் எக்ஸ் ஆனால், அடிப்பக்கம் 18-இல் இரண்டு எக்ஸ் குறையும் என்று ஒருத்தி சொல்லுகின்றாள். மூன்றாமவன் கன அளவை எழுதி, வகையிட்டு, பூஜ்யத்துக்குச் சமமாக்குகின்றான். 3 என்றும் 9 என்றும் இரண்டு விடை வருகின்றன. "9 வெட்டினால் தகரமே மிஞ்சாதே!" என்று நான்காமவள் சிரிக்கின்றாள். விடை 3, பெட்டி 432 கன சென்டிமீட்டர் கொள்ளும். அந்தச் சிரிப்பு எந்த நோட்ஸ் புத்தகத்தில் அச்சாகியிருக்கின்றது? ஏன், எப்படி என்று கேட்பதுதான் பகுத்தறிவு. கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டாமா?

கூடிப் படித்தால் வீண்பேச்சும் காப்பியடிப்பும்தான் மிஞ்சும் என்பார் சிலர். பிறர் நோட்டைப் பார்த்து எழுதுவது கூடிப் படிப்பதாகாது. ஒவ்வொருவரும் முதலில் தானே முயன்று பார்த்துவிட்டு வரவேண்டும். விடையைச் சொல்லாமல் வழியைச் சொல்லவேண்டும். கேட்டவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். பரீட்சையைத் தனியாகத்தான் எழுதப் போகின்றார்கள். அதற்குக் கூட்டாகத் தயாராவதில் என்ன குற்றம்?

நிற்க. "ராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் அல்லவா கனவில் சொல்லிக்கொடுத்தாள்?" என்று பக்தர்கள் கேட்பார்கள். கும்பகோணத்தில் இருந்தபோதும் அந்தத் தாயார்தான். 1914-இல் கேம்பிரிட்ஜ் போனபோதும் அந்தத் தாயார்தான். அங்கே புதிதாகக் கிடைத்தவர் ஹார்டி என்னும் கூட்டாளி. அவரோ கடவுளை நம்பாதவர். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல் தொகையாகப் பிரிக்கலாம் என்பதற்கு இருவரும் சேர்ந்து கண்ட சூத்திரம் 1918-இல் வெளிவந்தது. அதைச் சரிபார்ப்பதற்காக 200 வரையிலும் கையால் கணக்கிட்டுக் கொடுத்தவர் மக்மேகன் என்னும் மூன்றாமவர். மேதைக்கே கூட்டாளி வேண்டியிருந்ததென்றால், நம் வீட்டுப் பிள்ளைகளைத் தனியே மூலையில் உட்கார வைப்பது என்ன நியாயம்?

ஆகவே தோழர்களே! கல்விக்கென்று ஒரு நாளை ஏற்படுத்தி, அந்த நாளிலேயே புத்தகத்தைத் தொடக்கூடாதென்று கட்டிவைத்துப் பூசை போடும் புத்தியை விடுங்கள். ஊர்தோறும் படிப்பகத்தில் மாலை வேளையில் ஒரு கரும்பலகையும் ஒரு விளக்கும் போதும். எல்லாத் தெருப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், அந்த ஒரே பலகைக்கு முன் உட்காரட்டும். சமபந்தி போஜனம் நடத்தியவர்கள் நாம். இனிச் சமபந்திக் கணக்கும் நடத்துவோமாக.