பாம்பு கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில்?

சூரிச்சில் வளரும் எமது பிள்ளைகளிற் சிலர் இன்று நாயையோ பூனையையோ அல்ல, பாம்பையே செல்லப்பிராணியாகக் கேட்கின்றனர். வகுப்புத் தோழரின் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றைக் கண்டுவந்து, தமக்கும் வேண்டும் என்கின்றனர். பெற்றோர் திகைப்பது இயல்பே. புடையனும் நாகமும் திரிந்த வளவுகளில் வெளிச்சமின்றிக் கால் வைக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நயினாதீவிலும் புளியம்பொக்கணையிலும் நாகத்தை வணங்கியவர்களும் நாமே. அஞ்சவும் வணங்கவும் எமக்குத் தெரியும். வீட்டில் வைத்துப் பராமரிக்க எவரும் எமக்குக் கற்றுத்தரவில்லை.

ஆயினும், பிள்ளையை அதட்டி வாயடைப்பது பதிலாகாது. அழுகையை நிறுத்துவதற்காக உடனே வாங்கிக் கொடுப்பதும் பதிலாகாது. விபரம் அறிந்து, பிள்ளையையும் அருகில் இருத்தி முடிவெடுப்பதே முறையாகும்.

முதலில் சட்டத்தை அறிந்துகொள்வோம். 2008ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சுவிஸ் விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, நச்சுப் பாம்புகளை வைத்திருக்க மாநில மிருகவைத்திய அலுவலகத்தின் அனுமதி வேண்டும். போவா கொன்ஸ்ரிக்ரர் தவிர்ந்த, மூன்று மீற்றருக்கு மேல் வளரக்கூடிய மலைப்பாம்பு வகைகளுக்கும் அவ்வாறே. பர்மிய மலைப்பாம்பு குட்டியாக இருக்கும்போது கையில் அடங்கும். வளர்ந்தபின் ஐந்து மீற்றரையும் எட்டலாம். குடும்ப வீட்டுக்கு இவை எவையும் உகந்தவையல்ல. இந்நாட்டின் காடுகளிலும் ஏரிக்கரைகளிலும் வாழும் பாம்புகள் அனைத்தும் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைப் பிடித்துவரவும் கூடாது.

எஞ்சுபவற்றுள் முதன்முறை வளர்ப்போருக்கு ஏற்றது, ஜேர்மன் மொழியில் ‘கோர்ண்நாற்றர்’ எனப்படும் சோளப்பாம்பாகும். அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்த இது, எமது வயல்களின் சாரையைப் போல எலி பிடித்துண்ணும், நஞ்சற்றது. பெரும்பாலும் ஒன்றரை மீற்றருக்குள் நின்றுவிடும், சாதுவானது. மேற்கு ஆபிரிக்காவின் அரச மலைப்பாம்பும் சாதுவானதே. எனினும் அது சிலவேளை மாதக்கணக்கில் இரை எடுக்க மறுத்து, அனுபவமற்றோரைக் கலங்கவைக்கும். எதை வாங்கினாலும் காட்டில் பிடிக்கப்பட்டதை விடுத்து, வளர்ப்பாளரிடம் பிறந்து, ஒழுங்காக உண்ணப் பழகியதையே தெரிந்தெடுக்க வேண்டும்.

பாம்பு சாதுவானது என்பதனால் மட்டும் வீடு பாதுகாப்பானதாகிவிடாது. ஊர்வன பலவற்றின் குடலில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கும். பாம்புக்கு நோய் தோன்றாதபோதும் மனிதருக்குத் தொற்றும். ஆகவே ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தையோ, கர்ப்பிணியோ, முதியவரோ, நோயெதிர்ப்புக் குன்றியவரோ உள்ள வீட்டில் இப்போதைக்கு வேண்டாம் என்பதே எமது கருத்து. ஏனைய வீடுகளிலும் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவவேண்டும். பெட்டியின் பாத்திரங்களைச் சமையலறையில் கழுவலாகாது. பெட்டிக்கு உறுதியான பூட்டும், ஒருபுறம் வெப்பமும் மறுபுறம் குளிர்ச்சியும், ஒளிந்திருக்க இடமும், நீரும் வேண்டும். வாடகை வீடாயின் ஒப்பந்தத்தை வாசித்து, வீட்டு உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெறுதல் நன்று.

உணவு பற்றியும் வெளிப்படையாகப் பேசவேண்டும். பாம்பு மரக்கறி உண்ணாது. உயிருள்ள இரையைக் கொடுப்பதை இந்நாட்டுச் சட்டம் விதிவிலக்கான நிலைமைகளில் மட்டுமே அனுமதிப்பதால், உறையவைத்த எலிகளை வாங்கி வைத்திருக்க நேரும். வெள்ளிக்கிழமை விரதம் காக்கும் அம்மாவின் குளிர்ப்பெட்டியில் அவற்றுக்கு இடமுண்டா என்பதை, பாம்பு வந்தபின் அல்ல, வருமுன்னரே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி காலம் பற்றியது. சோளப்பாம்பு பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் வரை வாழக்கூடியது. இன்று பத்து வயதில் கேட்கும் பிள்ளை, அதன் முடிவுக்காலத்தில் முப்பது வயதை எட்டியிருக்கும். இடையில் தொழிற்பயிற்சி, திருமணம், வேற்றூர் வாழ்வு என எத்தனையோ வரும். வதிவிட அனுமதியும் வாடகை வீடும் உறுதிப்படாத குடும்பங்களுக்கு இக்கேள்வி இன்னும் கனமானது. வேண்டாமென்று தோன்றியதும் காட்டில் விடுவது சட்டப்படி குற்றம். அந்த உயிருக்கும் அது கேடு. அமெரிக்காவின் புளோரிடாவில் தப்பியும் கைவிடப்பட்டும் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள காட்டுயிர்களை அழித்துவருவதை உலகம் அறியும்.

ஆகவே பெற்றோருக்கு நாம் கூறுவது இதுதான். பிள்ளையிடம் ஓராண்டு அவகாசம் கேளுங்கள். நூலகத்தில் புத்தகம் எடுத்து வாசிக்கட்டும். அனுபவமுள்ளவரின் வீட்டில் பெட்டியைத் துப்புரவு செய்து பழகட்டும். செலவைக் கணக்கிட்டு எழுதிக் காட்டட்டும். அதன்பின்னும் விருப்பம் குன்றாவிடின், பராமரிப்பின் பொறுப்பைப் பெற்றோரும் ஏற்றுக்கொண்டு சம்மதிக்கலாம். மறுப்பதாயின் காரணத்தைச் சொல்லி மறுக்கலாம். ஊரில் எமது அச்சம் எம்மைக் காத்தது உண்மையே. இங்கு பிள்ளைகளுக்கு அச்சத்தை மட்டும் கையளிக்காது, ஓர் உயிருக்குப் பொறுப்பேற்கும் அறிவையும் கையளிப்போமாக.