உதவிக்கு வந்த ஆறு பேர்

2024 ஏப்ரல் 20, சனிக்கிழமை காலை. என் பெரியம்மா மகன் தமது பழைய மடிக்கணினியிலிருந்து 0.1 பிட்காயினை, ஒரு விற்பனைத் தளத்தில் உள்ள தமது கணக்கிற்கு அனுப்பினார். அன்றைய விலையில் ஏறக்குறைய 8,700 வெள்ளி. புதிய பிடிஓ வீட்டின் சீரமைப்புக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. மறுநாள் இரவிலும் திரையில் 'உறுதிசெய்யப்படவில்லை' என்றே இருந்தது.

அந்தப் பணப்பை மென்பொருளை அண்ணன் நிறுவியது 2017ல், தேசிய சேவையில் இருந்தபோது. அதன் பிறகு ஒருமுறைகூடப் புதுப்பிக்கவில்லை. பதற்றத்தில் ஓர் இணையக் குழுவில் உதவி கேட்டார். அரை மணி நேரத்தில் ஆறு பேர் தனித்தனியாகச் செய்தி அனுப்பினார்கள். அத்தனை பேரும் கனிவாகப் பேசினார்கள். நான்கு பேர் பணப்பையின் 12 மீட்புச் சொற்களைக் கேட்டார்கள். இரண்டு பேர் 'புதிய பதிப்பு' என்று ஓர் இணைப்பைத் தந்தார்கள்.

அண்ணன் என்னிடம் வந்தது அப்போதுதான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினித் துறையில் படிப்பதால் குடும்பத்தில் எந்தக் கணினி பழுதானாலும் என் தலையில்தான் விழும்.

நடந்தது இதுதான். நாம் அனுப்பும் பிட்காயின் முதலில் ஒரு பொதுக் காத்திருப்பு வரிசையில் நிற்கும். சராசரியாகப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை சில ஆயிரம் பரிவர்த்தனைகள் கொண்ட ஒரு தொகுதி பேரேட்டில் ஏறும். எவற்றை ஏற்றுவது என்பதை மைனிங் செய்பவர்கள் முடிவுசெய்கிறார்கள். அதிகக் கட்டணம் தருபவர்களுக்கே முதலிடம். மழை பெய்யும்போது தனியார் வாடகைக் கார் கட்டணம் ஏறுமே, அதே கதை. அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணியளவில்தான் 840,000வது தொகுதி பதிவாகி, மைனிங் வெகுமதி 6.25லிருந்து 3.125 பிட்காயினாகப் பாதியானது. அதே தொகுதியில் 'ரூன்ஸ்' என்ற புதிய வகை டோக்கன்களும் அறிமுகமாயின. அவற்றுக்கான போட்டியில் அன்றைய சராசரிக் கட்டணம் 120 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அண்ணனின் மென்பொருளுக்கு இது எதுவும் தெரியாது. பழைய கணக்கில் சில்லறைக் கட்டணம் போட்டு அனுப்பிவிட்டது.

இதற்குத் தீர்வுகள் உண்டு. புதிய பணப்பைகளில், அதே பரிவர்த்தனையைக் கூடுதல் கட்டணத்துடன் மீண்டும் அனுப்பிப் பழையதை மாற்றலாம். ஆனால், மாற்றலாம் என்ற குறிப்பைப் பழைய மென்பொருள் சேர்த்திருக்கவில்லை. அப்போது பெரும்பாலான கணினிகள் அந்தக் குறிப்பு இல்லாமல் மாற்றத்தை ஏற்பதில்லை. பணத்தைப் பெறுபவர், வரவிருக்கும் அந்தத் தொகையையே அதிகக் கட்டணத்துடன் வேறிடத்துக்கு அனுப்பி இரண்டையும் சேர்த்து நகர்த்தலாம். இங்கே பெறுவதோ விற்பனைத் தளம். அதன் சாவி நம் கையில் இல்லை.

மூன்றாவது வழி, ஒன்றும் செய்யாமலிருப்பது. பணம் எங்கும் மாட்டிக்கொள்ளவில்லை. பேரேட்டில் அது இன்னும் அண்ணன் பெயரில்தான், சரியாகச் சொன்னால் அண்ணனின் சாவியின் கீழ்தான், இருந்தது. காத்திருப்பு வரிசையை வைத்திருக்கும் கணினிகள் வழக்கமாக 14 நாள்களில் பழைய கோரிக்கைகளை அகற்றிவிடும். அப்படி அகற்றினால், அனுப்பவே இல்லை என்பது போல அந்தத் தொகையை மறுபடி பயன்படுத்தலாம்.

நமக்கு வங்கிப் பழக்கம். பணம் போய்ச் சேரவில்லை என்றால் யாரையாவது அழைப்போம், ஓர் அதிகாரி பதில் சொல்வார். பிட்காயினில் அந்த அதிகாரியே கிடையாது. எனவே, அதிகாரி போல வந்து பதில் சொல்பவர் யாராக இருக்க முடியும்?

2020ல் ஒருவர், 2017க்குப் பிறகு தொடாமல் வைத்திருந்த எலக்ட்ரம் பணப்பையைத் திறந்து பணம் அனுப்ப முயன்றார். 'புதுப்பித்தால்தான் அனுப்ப முடியும்' என்று ஓர் அறிவிப்பு வந்தது. புதுப்பித்தார். 1,400 பிட்காயின் போய்விட்டது. அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 16 மில்லியன் அமெரிக்க டாலர். இணைப்பில் உள்ள எந்தச் சர்வரும் தான் விரும்பிய வாசகத்தைத் திரையில் காட்ட முடிந்தது பழைய பதிப்பின் ஓட்டை. அது 2018 டிசம்பரிலேயே அம்பலமாகி, பின்னர் அடைக்கப்பட்டது. புதுப்பிக்காதவர்களுக்குத் திருடர்களே 'புதுப்பிப்பு' அனுப்பினார்கள்.

சிங்கப்பூரில் 2024ல் மோசடிகளில் பறிபோனது 1.1 பில்லியன் வெள்ளிக்கும் மேல். அதில் ஏறக்குறைய கால்பங்கு கிரிப்டோ நாணயம் என்கிறது காவல்துறை. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிகள் கிரிப்டோ சேவை நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. அண்ணனின் மடிக்கணினிக்குள் அவை வருவதில்லை. 'உங்கள் வங்கி நீங்களே' என்று கிரிப்டோ ஆர்வலர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அப்படியென்றால் காவலாளியும் நாமே, பழுதுபார்ப்பவரும் நாமே. அந்த வேலைகளுக்கு எத்தனை பேர் தயார் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சீரமைப்பு ஒப்பந்ததாரரிடம் இரண்டு வாரம் தவணை கேட்டோம். வரிசையில் கூட்டம் குறைந்து, பதினோராம் நாள் அதிகாலையில் பரிவர்த்தனை உறுதியானது. மீதமிருந்த சிறு தொகையை, அதிகாரபூர்வத் தளத்திலிருந்து பதிவிறக்கிக் கையொப்பம் சரிபார்த்த புதிய பணப்பைக்கு அண்ணன் மாற்றினார். அந்த ஆறு பேரில் ஒருவர் மட்டும், பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்று ஜூன் மாதம் வரை அக்கறையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.