கல்லில் வாழும் முன்னோர்

ஆண்ட இனம் யாம் என மேடைதோறும் முழங்குகின்றோம், நன்று! ஆயின், அம் முன்னோர் எவ்வாறு வாழ்ந்தனர்? எவ்வளவு இறை செலுத்தினர்? ஊரவையுள் எவர் அமர்ந்தனர்? எவர் புறத்தே நிறுத்தப்பட்டனர்? விடையளிக்க வல்லார் நம்முள் எத்துணையர்?

விடை தொன்மக் கதைகளில் இல்லை. கோயிற் கற்சுவர்களில் உள்ளது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டொன்று, இராசராசன் பல ஊர்களினின்று கொணர்ந்து குடியமர்த்திய ஏறத்தாழ 400 ஆடல் மகளிரைப் பெயர், முன்னை ஊர், தெரு, வீடு என ஒவ்வொருவராகச் சுட்டுகின்றது. ஒருவர்க்குப் பங்கு நெல் 100 கலம். உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விரிக்கின்றன. குடியாட்சிக்கு யாமே முன்னோடி எனப் பூரிக்கின்றோம். ஆனால், அது பார்ப்பனர்க்கு அளிக்கப்பெற்ற ஊர். நிலமும் மனையும் மறைப்பயிற்சியும் உடையாரே அவ்வவையில் அமரலாம். உழுதவன் பெயர்க்கு ஓலையில் இடமில்லை! முன்னதை மட்டும் படித்துப் பின்னதை விடுத்தல் ஆராய்ச்சியன்று, தற்புகழ்ச்சியே.

மைசூரிலிருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொணருமாறு 2021-இல் உயர்முறைமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. படி வந்தென்? திருப்பணியென்னும் பெயரால் மணலை விசையாய் வீசியும் வெள்ளையடித்தும் கல்லெழுத்தையே தேய்த்த கொடுமை எத்தனை கோயில்களில் நிகழ்ந்தது!

இளைஞரே! வட்டெழுத்தும் பழந்தமிழ் எழுத்தும் பயிலுங்கள். உம் ஊர்க் கல்வெட்டைப் படியெடுங்கள். பெருமையாயினும் சிறுமையாயினும் உள்ளதை உள்ளவாறே எழுதுங்கள். முன்னோரைப் போற்றுதல், அவரை அறிதலினின்றே தொடங்கும்!