வயசான காலத்துல உங்களுக்காகக் கையெழுத்துப் போடப்போறது யாரு?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

வார்டில் ஒருவரைச் சேர்த்ததும் கூட வந்தவரிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி,
"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

மகன், மருமகள், தம்பி.. பதில் டக்கென்று வரும். கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுவோம்.

இந்த ஒரு கேள்விக்கு அறுபது வருடங்களுக்கும் மேலாக உண்மையான பதிலைச் சொல்லமுடியாமல் வாழ்ந்த இருவர் உண்டு.

டெர்ரி டோனஹ்யூ, பேட் ஹென்ஷெல். இருவரும் கனடாவில் பிறந்த பெண்கள்.

டெர்ரி, அமெரிக்கப் பெண்கள் பேஸ்பால் லீக்கில் பியோரியா ரெட்விங்ஸ் அணிக்கு ஆடியவர். 1947ல் இருவரும் சந்தித்தார்கள். காதலித்தார்கள். சிகாகோ பக்கம் குடியேறி ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள்.

ஊருக்கும் உறவுக்கும் சொன்னது, "நாங்க நெருங்கிய தோழிகள்".

அன்றைக்கு அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் தன்பாலின உறவு குற்றம். இலினாய் மாநிலம்தான் 1961ல் முதன்முதலாக அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. ஆனாலும் வெளியே தெரிந்தால் வேலை போகும். வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் நாட்டை விட்டே அனுப்பலாம். அந்தக் குடியேற்ற விதி 1990 வரை இருந்தது.

இதில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 வரை இதை நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் நீக்கியது 1990ல்.

இருவரும் எழுதிக்கொண்ட காதல் கடிதங்களில், கீழே பெயர் இருக்கும் துண்டை மட்டும் கிழித்துவிடுவார்களாம். யார் கையிலாவது சிக்கினால்?

இளமையில் ரகசியத்தைக் காப்பாற்ற தெம்பு இருக்கும். வயசானால்?

டெர்ரிக்கு பார்க்கின்சன் நோய் வந்தது. கை நடுக்கம், நடை தளர்ச்சி. முதியோர் இல்லம் தேடவேண்டிய நிலை. புது இடத்தில், புது ஆட்களிடம் "இவங்க எனக்கு என்ன வேணும்" என்று திரும்பவும் பொய் சொல்லணுமா?

குடும்பத்திடம் உண்மையைச் சொன்னார்கள். 2015ல், டெர்ரியின் 90வது பிறந்தநாளில் திருமணம் செய்துகொண்டார்கள். 2019ல் டெர்ரி காலமானார். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2020ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. பெயர் 'எ சீக்ரெட் லவ்'.

சரி.. இதை ஒரு அரசு மருத்துவர் ஏன் உங்களிடம் சொல்லணும்?

பார்க்கின்சன் நோயாளிக்கு லெவோடோபா மாத்திரை நேரம் தவறக்கூடாது. எந்த நேரத்தில் உடம்பு மரக்கட்டை மாதிரி ஆகிறது, எப்போது சோறு புரையேறுகிறது, ராத்திரி எத்தனை தடவை விழுந்தார் என்பதெல்லாம் கூடவே வாழ்பவருக்குத்தான் தெரியும். ஊரிலிருந்து வரும் அண்ணன் மகனுக்குத் தெரியாது.

அந்தத் துணையை "சும்மா ஃப்ரெண்டு" என்று எழுதி வராந்தாவில் உட்காரவைத்தால், நாங்கள் இழப்பது நோயாளியின் பாதி ஹிஸ்டரியை!

நம் ஊர் நிலைமை என்ன?

2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம், வயதுவந்த இருவரின் சம்மத உறவு குற்றமில்லை என்றது. 2023 அக்டோபரில் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி கிடையாது, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது.

அதாவது, சேர்ந்து வாழலாம். ஆனால் கேஸ் ஷீட்டில் "கணவர்", "மனைவி" என்று எழுத சட்டத்தில் இடமில்லை. நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் ஐசியூ வாசலில் அவர் அந்நியர்.

இது தன்பாலீர்ப்பாளர்களுக்கு மட்டும் வரும் பிரச்சனை என்று நினைக்காதீர்கள். திருநங்கை ஒருவர் மகளாக ஏற்று வளர்த்தவர், துணையை இழந்தபின் முதுமையில் சேர்ந்து வாழும் இருவர், கல்யாணமே செய்யாமல் ஒன்றாக இருக்கும் சிநேகிதிகள்.. எல்லோரும் அந்த "என்ன வேணும்" கேள்வியில் தடுமாறுகிறார்கள்.

ரத்த உறவு தெரியாத காரணமா? "எல்லா சொத்தையும் எழுதி வாங்கிடுவாங்க சார்" என்ற பயம் குடும்பத்துக்கு இருக்கும். நியாயமான பயமாகக்கூட இருக்கலாம். ஆனால் சொத்துத் தகராறைத் தீர்க்க நீதிமன்றம் இருக்கிறது. கடைசி நாட்களில் யார் கையைப் பிடித்துக்கொள்வது என்பதை நோயாளிதான் முடிவு செய்யணும்.

இப்போதே செய்யக்கூடியவை:

1. சுயநினைவோடு உள்ள வயதுவந்த நோயாளியின் சம்மதம் அவருடையது மட்டுமே. தாய் கொடுத்த சம்மதம்கூட செல்லாது என்று 2008ல் சமீரா கோலி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. பேச முடியும்போதே "இவர்தான் என்கூட இருக்கணும்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

2. மனநலச் சிகிச்சைக்கு, 2017 சட்டப்படி உங்கள் பிரதிநிதியை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்து நியமிக்கலாம். ரத்த உறவாக இருக்கவேண்டியதில்லை.

3. மீளமுடியாத நிலையில் என்ன சிகிச்சை வேண்டாம், யார் முடிவெடுக்கணும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும் என்று 2023ல் நடைமுறை எளிதாக்கப்பட்டது.

4. உயில் எழுதுங்கள். எழுபது வயதில் இல்லை. இப்போதே.

சக மருத்துவர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்.

"என்ன வேணும்?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நோயாளியிடம் தனியாக, "உங்களை யாரு பார்த்துக்கிறாங்க? யாரு கூட இருந்தா உங்களுக்கு நல்லா இருக்கும்?" என்று கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் முகம் சுளிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அதை வார்டில் சத்தமாகச் சொல்லாதீர்கள். அந்த ரகசியத்தைக் காப்பது நம் கடமை.

உங்கள் வீட்டிலும் கல்யாணமாகாத ஒரு அத்தை, கூடவே எப்போதும் வரும் அவர் தோழி என்று இருக்கலாம். எதையும் துருவிக் கேட்கவேண்டாம். "அத்தை, ஆஸ்பத்திரின்னா அவங்களையும் கூப்பிடவா?" என்று மட்டும் கேட்டுப்பாருங்கள்.

அவர் எவ்வளவு காலமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாரோ, யாருக்குத் தெரியும்?