ஒழுங்கு தவறிய முகவரிகள்

எம்மவர் பிள்ளைகளிற் பலர் இன்று கணனித்துறையைத் தேர்ந்து பயில்கின்றனர். இரவிரவாக விழித்திருந்து அவர்கள் எதனோடு மல்லுக்கட்டுகின்றனர் என்பது பெற்றோர் பலருக்கு விளங்குவதில்லை. "என்னுடைய கணனியில் சரியாகத்தானே ஓடுகிறது" என்று அவர்கள் அடிக்கடி கூறுவது மட்டும் எமது காதுகளில் விழுகின்றது. அவ்வார்த்தையை ஏன் முற்றாக நம்பலாகாது என்பதை ஒரு சிறு விடயத்தின் மூலம் இவ்வாரம் நோக்குவோம். கலைத்துறையிற் பயின்ற நாம் இதனை எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் இங்கே பேசப்படுவது, கொடுத்த வாக்கைக் காத்தல் பற்றியதே.

கணனியின் நினைவகம், பைற் எனப்படும் சிறு அறைகளின் நீண்ட வரிசையாகும். ஒவ்வோர் அறைக்கும் பூச்சியத்திலிருந்து தொடங்கும் ஓர் இலக்கம் உண்டு; அதுவே அதன் முகவரி. முகவரியொன்றைத் தாங்கி நிற்பதைச் 'சுட்டி' என்பர். சாதாரண முழுவெண் ஒன்று பெரும்பாலான கணனிகளில் 4 அறைகளைப் பிடிக்கும். சதுரக் கோடிட்ட கொப்பியொன்றில் நான்கு கட்டங்களுக்கு ஒரு தடித்த கோடு இடப்பட்டிருப்பதாக எண்ணிப் பாருங்கள். எண்ணானது 0, 4, 8 என்னும் இடங்களில் தொடங்கின் ஒரே முறையில் வாசித்துவிடலாம். 5இல் தொடங்கினாலோ மூன்று பைற் ஒரு பிரிவிலும் எஞ்சிய ஒன்று அடுத்த பிரிவிலும் விழும்.

இத்தகைய ஒழுங்கு தவறிய முகவரியை எல்லாச் செயலிகளும் ஒரே விதமாக ஏற்பதில்லை. 1978இல் வெளிவந்த இன்ரெல் 8086 அதனை ஏற்றது. ஆயின் ஒற்றை எண் முகவரியிலுள்ள 2 பைற் எண்ணை வாசிக்க, நினைவகத்தை இருமுறை நாடியது. 1979இல் வந்த மோட்டரோலா 68000, அவ்வாறான முகவரியைக் கண்டதும் பிழையென அறிவித்து நின்றது. பழைய ஆர்ம் செயலிகளோ எதுவுமே கூறாது, பைற்றுகளைச் சுழற்றித் தவறான எண்ணை நீட்டின. இவை மூன்றினுள்ளும் இறுதியானதே கொடியது.

நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்குப் பெயர்ப்பது கொம்பைலர் எனப்படும் தொகுப்பி. 1 பைற் எழுத்தையும் 4 பைற் எண்ணையும் அடுத்தடுத்து வைக்கச் சொன்னால், அது பொதுவாக 5 பைற் ஒதுக்காது 8 பைற் ஒதுக்கும். இடையில் விடப்படும் 3 வெற்றறைகள், எண்ணை ஒழுங்கான முகவரியில் அமர்த்துவதற்கானவை.

தரவு வெளியிலிருந்து வரும்போதே சிக்கல் எழுகின்றது. ஈதர்நெற் வலையமைப்பில் வரும் பொதியின் தலைப்பு, பெறுநர் முகவரி 6, அனுப்புநர் முகவரி 6, வகைக்குறி 2 என மொத்தம் 14 பைற் ஆகும். அதன் பின்னர் வருவது 14ஆம் இடத்தில் தொடங்கும். 14 நான்கால் வகுபடாது. இதனாலேயே லினக்ஸில் பல வலையமைப்பு இயக்கிகள் முன்னே 2 பைற்றை வெறுமையாக விடுகின்றன.

முழுவெண்ணுக்குரிய சுட்டி என்று எழுதுவது, 'இம்முகவரி ஒழுங்கானதே' என்று தொகுப்பிக்கு நாம் அளிக்கும் உறுதிமொழியாகும். தொகுப்பி அதனைச் சோதிப்பதில்லை, நம்பிவிடுகின்றது. உறுதிமொழி பொய்ப்பின் என்ன நிகழுமென்பதற்குச் சி மொழியின் நியமம் எவ்வித உத்தரவாதமும் தருவதில்லை.

இன்ரெல் செயலிகள் இதனைப் பொறுத்துக்கொள்ளும் என்போர் உளர். ஆனால் வேகத்தின் பொருட்டுத் தொகுப்பி, நான்கு எண்களை ஒருங்கே கையாளும் கட்டளைகளைத் தேர்வதுண்டு. அவற்றுட் சில 16ஆல் வகுபடும் முகவரியையே ஏற்கும். முதற் சில எண்களைத் தனித்தனியே முடித்தால் அத்தகைய முகவரியை அடையலாமெனத் தொகுப்பி கணக்கிடுகின்றது. தொடக்கம் 5 ஆயின் 9, 13, 17 எனச் சென்று 16இன் மடங்கை ஒருநாளும் அடையாது. நேற்றுவரை ஓடிய நிரல், தொகுப்பியின் புதிய பதிப்பு வந்ததும் வீழ்வது இவ்வாறுதான்.

பரிகாரம் கடினமானதன்று. 'இடைவெளியின்றி அடுக்குக' என்னும் குறிப்பை இட்டால், தேவைப்படும் செயலிகளில் தொகுப்பி பைற் பைற்றாக வாசிக்கும். ஆனால் அவ்வாறு அடுக்கிய எண்ணின் முகவரியைச் சாதாரண சுட்டியிடம் கையளித்தால் அக்குறிப்பு மறைந்துபோம். 2019இல் வெளிவந்த ஜிசிசி 9ஆம் பதிப்பிலிருந்து, கேளாமலே இதற்கு எச்சரிக்கை தரப்படுகின்றது. அதனினும் சிறந்த வழி, 'மெம்கொப்பி' கொண்டு பைற்றுகளை ஒழுங்கான இடத்துக்குப் பிரதிசெய்தலாகும். செயலி இடந்தருமாயின் தொகுப்பி அதனை ஒரே கட்டளையாகச் சுருக்கிவிடுவதால் வேகமும் குன்றாது.

நாளை எமது பிள்ளைகள் எழுதும் நிரல் மருத்துவக் கருவியொன்றினுள்ளும் ஓடலாம். ஆகவே பெற்றோர் அவர்களிடம், "ஓடுகிறதா?" என்பதோடு நில்லாது, "தொகுப்பி எச்சரிக்கை ஏதும் தந்ததா? அதனை வாசித்தாயா?" என்றும் கேட்பார்களாக. விடையைப் புரிந்துகொள்ள எமக்குக் கணனி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை விடைகூறத் தயங்குவதைக் கண்டால் போதுமானது.