'ரெடி கடை' என்று ஒன்று இல்லை

"ரெய்னர்ஸ் லேனில் ரெடி ரெஸ்டோரண்ட். குசினி, மேசை, கதிரை எல்லாம் இருக்கு. சாவி வாங்கினால் அடுத்த கிழமையே திறக்கலாம். வாங்கிற ஆக்கள் மட்டும் கதைக்கவும்."

இப்படி ஒரு மெசேஜ் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கும். ஒரு மாமா அதை ஃபார்வர்ட் செய்வார். இன்னொருவர் "நல்ல இடம், ஸ்டேஷனுக்குக் கிட்ட" என்பார். இரண்டு நாளில் யாரோ ஒருவரின் அப்பா அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். அதன் பிறகுதான் உங்களிடம் ஒரு கட்டு பேப்பர் வரும். அதோடு ஒரே ஒரு கேள்வியும் வரும்: "பிள்ளை, இதில எங்க சைன் வைக்கிறது?"

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கு எதிரானது. கடை எடுப்பதற்கு எதிரானது இல்லை. அலெக்ஸாண்ட்ரா அவெனியூவில் இடியப்பமும் கொத்தும் மட்டன் ரோல்ஸும் கிடைப்பது யாரோ துணிந்து கடை எடுத்ததால்தான். ஆனால் 'ரெடி' என்ற சொல்லை நம்பி, லீஸை வாசிக்காமல், வீட்டையே பணயம் வைப்பதைத் துணிச்சல் என்று என்னால் சொல்ல முடியாது. எங்களில் பலர் சட்ட ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறியாவது வாசிக்கக்கூடியவர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும் இது நடப்பதுதான் எனக்குக் கோபம்.

முதலில் அந்த 'ரெடி'யைப் பார்ப்போம். என்ன ரெடியாக இருக்கிறது?

கதவில் ஒட்டியிருக்கும் சுகாதார மதிப்பெண் பழைய வியாபாரத்துக்குக் கிடைத்தது. அது உங்களுக்குக் கைமாறாது. புதிய உரிமையாளர் திறப்பதற்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன் கவுன்சிலில் பதிய வேண்டும். பதிவுக்குக் காசு இல்லை, ஆனால் அந்த 28 நாள் உண்டு. ஆகவே "அடுத்த கிழமையே திறக்கலாம்" என்பது முதல் நாளிலேயே பொய்யாகிவிடுகிறது. இரவு 11 மணிக்கு மேல் கொத்து விற்க நினைத்தால் அதற்கும் லைசன்ஸ் வேண்டும். இரவு 11 முதல் காலை 5 வரை சூடான சாப்பாடு விற்பது 2003ஆம் ஆண்டு லைசன்சிங் சட்டத்துக்குள் வருகிறது. பழையவரிடம் அந்த லைசன்ஸ் இருந்தால் அதை உங்கள் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். சாவியோடு சேர்ந்து அது வராது.

அடுத்தது சாமான்கள். அந்தப் பெரிய ஃபிரிட்ஜ் விற்கிறவருடையதா, அல்லது இன்னும் தவணை கட்டி முடியாத சாமானா? எக்ஸ்ட்ராக்டர் குழாயை உள்ளே கடைசியாக எப்போது கழுவினார்கள்? மேல் மாடியில் குடியிருக்கிறவர்கள் மணத்தைப் பற்றி கவுன்சிலுக்கு முறைப்பாடு செய்திருக்கிறார்களா? கேஸ் அடுப்பைச் சோதித்த சான்றிதழ் எங்கே? இவற்றைக் கேட்டால் "எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருந்தது" என்பார்கள். நன்றாக ஓடிய கடையை ஏன் விற்கிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். உடம்பு இயலாமல் விற்கலாம், ஊருக்குப் போக விற்கலாம். மூன்று வருஷத்துக் கணக்கைக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும். காட்டாவிட்டாலும் தெரிந்துவிடும்.

ஆனால் இவை எல்லாம் சின்ன விஷயங்கள். அடுப்பு பழுதானால் வேறு அடுப்பு வாங்கலாம். பிரீமியம், குட்வில், கீ மணி என்று என்ன பேர் வைத்தாலும், நீங்கள் உண்மையில் வாங்குவது ஒரு லீஸை. குடும்பங்களை விழுத்துவது அந்தப் பேப்பர்தான். அதில் நான்கு இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, திருத்த வேலை. ரெய்னர்ஸ் லேனின் கடைத்தெரு பெரும்பாலும் 1930களில் கட்டப்பட்டது. சார்ள்ஸ் ஹோல்டனின் ஸ்டேஷன் கட்டிடம் 1938இல் வந்தது. இன்று சொராஸ்ட்ரிய மையமாக இருக்கும் பழைய சினிமா 1936இல் திறந்தது. கடைகளுக்கும் ஏறக்குறைய அதே வயது. இப்படியான கட்டிடத்தை முழுத் திருத்தப் பொறுப்போடு லீஸ் எடுத்தால், கூரையும் வடிகாலும்கூட உங்கள் தலையில் வரலாம். 'நல்ல நிலையில் வைத்திருப்பேன்' என்று எழுதிக் கொடுத்தால், ஏற்கனவே பழுதாக இருப்பதையும் திருத்திக் கொடுக்க வேண்டும் என்பது ஆங்கிலச் சட்டத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கும் விளக்கம். அதற்குப் பரிகாரம் உண்டு. எடுக்கும் நாளில் கட்டிடத்தின் நிலையைப் படங்களோடு எழுதி லீஸில் இணைத்து, அதைவிட நல்ல நிலையில் திருப்பித் தரத் தேவையில்லை என்று எழுத வைக்கலாம். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

இரண்டாவது, மேலே மட்டும் போகும் வாடகை. பல லீஸ்களில் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வாடகையை மறுபடி பார்ப்பார்கள். தெருவில் வாடகை விழுந்திருந்தாலும் உங்கள் வாடகை இறங்காது. அயர்லாந்து 2010 பெப்ரவரி 28க்குப் பிறகு எழுதும் லீஸ்களில் இதை நிறுத்திவிட்டது. இங்கே 2025 ஜூலையில்தான் புதிய லீஸ்களில் இதைத் தடைசெய்யும் மசோதாவை அரசாங்கம் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தது. ஏற்கனவே இருக்கும் லீஸை நீங்கள் மாற்றி எடுத்தால் அதில் எழுதியிருப்பதும் சேர்ந்தே உங்களிடம் வரும்.

மூன்றாவது, பிணை. "லிமிட்டட் கம்பெனி பேரில எடுக்கிறோம், வீட்டுக்கு ஒன்றும் வராது" என்று அப்பா சொல்வார். அதே கட்டின் பின்பக்கத்தில் அப்பா தன் சொந்தப் பேரில் பிணை கையெழுத்திட்டிருப்பார். அந்தக் கையெழுத்தோடு கம்பெனி தந்த பாதுகாப்பு போய்விடுகிறது. வாடகை நிலுவையானால், லீஸில் சொன்ன நாட்கள் கடந்ததும், கோர்ட்டுக்குப் போகாமலே லாண்ட்லோர்ட் பூட்டை மாற்றலாம். வீட்டு வாடகைக்காரருக்கு இருக்கும் பாதுகாப்பு கடைக்காரருக்கு இல்லை. கோவிட் காலத்தில், 2020 மார்ச் 26 முதல் 2022 மார்ச் 25 வரை, இதை அரசாங்கம் நிறுத்தி வைத்தது. அப்போதும் வாடகை தள்ளுபடியாகவில்லை, கடனாக ஏறியது.

நான்காவது மிக முக்கியமானது. 1954ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. லீஸ் காலம் முடிந்தாலும் கடைக்காரர் தொடர்ந்து இருக்கவும் புது லீஸ் கேட்கவும் அது உரிமை தருகிறது. லாண்ட்லோர்ட் மறுப்பதற்குச் சட்டம் சொல்லும் குறிப்பிட்ட காரணங்களில் ஒன்று வேண்டும். இடித்துக் கட்டப் போகிறேன், எனக்கே வேண்டும் என்பது போல உங்கள் பிழை இல்லாத காரணம் என்றால் நட்ட ஈடும் உண்டு. அந்த வியாபாரம் 14 வருஷம் அங்கே நடந்திருந்தால் அது இரட்டிப்பாகும்.

இவ்வளவு பெரிய உரிமையைக் கைவிட ஒரு கையெழுத்து போதும். லீஸ் எழுதுவதற்கு முன் லாண்ட்லோர்ட் ஒரு எச்சரிக்கைக் கடிதம் தர வேண்டும். கவனமாக வாசித்து, ஆலோசகரோடு கதைக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று அந்தக் கடிதத்திலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். 14 நாள் அவகாசம் இருந்தால் சாதாரண உறுதிமொழி போதும். அவசரம் என்றால் வேறொரு சொலிசிட்டர் முன் போய் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். எங்கள் ஆக்கள் எப்போதும் அவசரத்தில் இருப்பவர்கள். பத்து நிமிஷம், ஒரு சின்னக் கட்டணம், வேலை முடிந்தது. எதை விட்டுக்கொடுத்தோம் என்று தெரியாமலே வெளியே வந்து ரோல்ஸ் சாப்பிடுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரீமியம் 60,000 பவுண்ட் என்று வையுங்கள். லீஸில் மிச்சம் 3 வருஷம். 1954 பாதுகாப்பை முதல் எடுத்தவர் எப்போதோ கைவிட்டுவிட்டார், அது உங்களுக்கும் இல்லை. அப்படியென்றால் வாடகைக்கு மேலே மாதம் ஏறக்குறைய 1,667 பவுண்ட் கட்டுகிறீர்கள். மூன்று வருஷம் முடிந்ததும் லாண்ட்லோர்ட் "நன்றி" என்று சொல்லிச் சாவியை வாங்கலாம். நீங்கள் சேர்த்த வாடிக்கையாளர்கள், பேர், மணம் எல்லாம் அவருடைய கட்டிடத்தோடு நின்றுவிடும். இதற்கா 'ரெடி' என்று பேர்?

பாரிஸில் லா சப்பலில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆக்களுக்குச் சாதாரண வணிக லீஸ் என்றால் குறைந்தது 9 வருஷம். விரும்பினால் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கடைக்காரர் வெளியேறலாம். அங்கேயும் பிரச்சினைகள் உண்டு. ஆனால் கடைக்காரர் வேரூன்றத் தேவையான காலத்தைச் சட்டம் அங்கே கொடுக்கிறது. இங்கே அந்தக் காலத்தை நீங்களே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரீமியம் கட்ட வீட்டின் மேல் கடன் எடுப்பார்கள். வீடு இரண்டு பேர் பேரில் என்றால் அம்மாவும் கையெழுத்திட வேண்டும். கணவரின் வியாபாரக் கடனுக்கு மனைவி வீட்டை ஈடு வைக்கும்போது, அதன் ஆபத்தை அவருக்குத் தனியாக ஒரு சொலிசிட்டர் விளங்கப்படுத்தினார் என்று வங்கி உறுதிசெய்ய வேண்டும். 2001இல் பிரபுக்கள் சபை தந்த தீர்ப்பு அது. அந்தத் தனிச் சந்திப்பில் அம்மாவுக்கு மொழிபெயர்க்க அப்பாவே பக்கத்தில் இருந்தால், அந்தத் தீர்ப்பால் அம்மாவுக்கு என்ன பயன்?

இனி எனக்கு வரப்போகும் பதில்கள் தெரியும்.

"நாங்கள் எல்லாரும் இப்படித்தான் தொடங்கினோம். சீட்டுக் காசிலும் நம்பிக்கையிலும்தான் இந்தத் தெருவே வந்தது." உண்மை. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். வங்கி கதவைச் சாத்தியபோது சீட்டுத்தான் கடை திறந்து கொடுத்தது. ஆனால் லாண்ட்லோர்ட் உங்கள் சீட்டில் இல்லை. விற்கிறவர் எங்கள் ஊர்க்காரர், நல்ல மனிசர் என்பது லீஸின் ஒரு வரியைக்கூட மாற்றாது. "பிறகு பேர் மாத்துவம், இப்ப சாவியைப் பிடியுங்கோ" என்று அவர் சொன்னால் இன்னும் ஆபத்து. லாண்ட்லோர்டின் சம்மதம் இல்லாமல் கைமாற்றுவது பெரும்பாலான லீஸ்களில் ஒப்பந்த மீறல். காசு கொடுத்தபின் உங்கள் கையில் இருப்பது சாவி மட்டும்தான்.

"இப்படிக் கேள்வி கேட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவான்." எடுக்கட்டும். அவசரம் யாருடையது என்று யோசியுங்கள். விற்கிறவருக்கு ஒவ்வொரு மாதமும் வாடகை ஏறுகிறது, அவருக்குத்தான் அவசரம். வெறுமையாகக் கிடக்கும் கடைக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு பொதுவாக முழு பிஸ்னஸ் ரேட்ஸும் கட்ட வேண்டும் என்பதால் லாண்ட்லோர்டுக்கும் அவசரம் உண்டு. உங்களுக்கு இல்லை. பேரம் பேசும் பலம் உங்களிடம்தான் இருக்கிறது. மீன் கடையில் ஐம்பது பென்ஸுக்குப் பேரம் பேசும் எங்கள் ஆக்கள் பத்து வருஷ லீஸுக்குப் பேரம் பேசாமல் விடுவது எனக்கு விளங்கவே இல்லை.

"நீ சின்னப் பிள்ளை, உனக்கு வியாபாரம் தெரியாது." சரி, கொத்துக்கு எவ்வளவு உப்பு என்று அப்பாவுக்குத்தான் தெரியும். ஆனால் வாசிக்க வியாபாரம் தெரிய வேண்டியதில்லை. உங்களை மொழிபெயர்ப்பாளராகக் கூப்பிட்டால், பக்கம் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். இந்த ஐந்து கேள்விக்கும் எழுத்தில் பதில் வரும்வரை அட்வான்ஸ் கொடுக்க விடாதீர்கள். லீஸில் எத்தனை வருஷம் மிச்சம்? 1954 பாதுகாப்பு இருக்கிறதா? இடையில் வெளியேற வழி இருக்கிறதா? பிணை யார் பேரில், எவ்வளவுக்கு, எப்போது முடியும்? கூரைக்கும் வடிகாலுக்கும் யார் பொறுப்பு?

1954 பாதுகாப்பைக் கைவிடத்தான் வேண்டும் என்று லாண்ட்லோர்ட் நின்றால், அதற்கு விலை கேளுங்கள்: குறைந்த வாடகை, சில மாதம் வாடகையில்லாக் காலம், அல்லது பிணைக்கு ஒரு எல்லை. விற்கிறவர் காட்டிய சொலிசிட்டரை வைக்காதீர்கள். உங்களுக்காக மட்டும் வேலை செய்யும் ஒருவரை வையுங்கள். அவருக்குக் கொடுக்கும் காசு பிரீமியத்தின் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

டொரோண்டோவிலோ ஒஸ்லோவிலோ இருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சட்டம் வேறு. பழக்கம் ஒன்றுதான், ஆகவே உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தேடி வாசியுங்கள்.

அடுத்த முறை "எங்க சைன் வைக்கிறது?" என்று கேட்டால், பேனாவைக் கொடுக்காதீர்கள். "இருங்கோ அப்பா, நான் முதல்ல வாசிக்கிறேன், இரண்டு கிழமை தாங்கோ" என்று சொல்லுங்கள். அப்பா கோபப்படுவார், மாமா சிரிப்பார். இரண்டு கிழமை பொறுக்க முடியாத கடை, பத்து வருஷம் உங்கள் குடும்பத்துக்குச் சோறு போடாது.