கைக்கடிகாரம் எச்சரிக்கும், எடை போடுவது நம் பொறுப்பு



மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தவுடனே, "இதில் இரண்டு கிலோ குறையுது" என்று சொல்லிவிடும் மூத்த வியாபாரிகள் நம்மிடையே உண்டு. பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் அந்தக் கைக்கணக்கை நம்பி யாராவது பில் போடுவோமா? தராசில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் பேச்சு. அந்தத் தராசிலும் முத்திரை இருக்க வேண்டும்.

சரக்கு விஷயத்தில் இத்தனை கண்டிப்பாக இருக்கிற நாம், நம் உடம்பு விஷயத்தில் எப்படி இருக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஸ்மார்ட் வாட்ச் இப்போது இரத்தக் கொதிப்பைப் பற்றி எச்சரிக்கை தருகிறது. இது பயனுள்ளதா, வீண் செலவா என்று சங்க அலுவலகத்தில் பலர் கேட்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன். முப்பத்து நான்கு வருடமாக மண்டியில் உட்கார்ந்திருப்பவன். என் அனுபவத்தையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

இரண்டு கடிகாரங்களின் கதை

வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகன் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பினான். இரண்டு மாதம் மணி பார்க்க மட்டுமே கட்டியிருந்தேன். ஒரு நாள் காலையில், லாரியிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு செய்தி வந்தது. உங்களுக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கக்கூடும் என்ற அறிகுறி தெரிகிறது என்பது அதன் சாரம். நான் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, மூட்டை தூக்கினால்கூட மூச்சு வாங்குவதில்லை. எனக்கு எதற்குக் கொதிப்பு?

வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன். என் மனைவி விடவில்லை. "ஏங்க, கடையில ஒரு ரூபாய் கணக்கு இடிச்சா ராத்திரி முழுக்கத் தூங்காம தேடுறீங்க. இதை மட்டும் ஏன் தள்ளி வைக்கிறீங்க?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. கைப்புஜத்தில் பட்டை சுற்றிப் பார்க்கும் பிரஷர் மிஷின் ஒன்று வாங்கினோம். ஏழு நாள், காலையும் மாலையும் பார்த்துச் சிட்டையில் எழுதினேன். சராசரி 152-க்கு 94. மருத்துவர் அந்தச் சிட்டையைப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, இப்போதே வந்தீர்கள்" என்றார். இன்று தினமும் ஒரு மாத்திரை. ஊறுகாயும் அப்பளமும் குறைந்துவிட்டன. வேறு சிரமம் இல்லை.

இரண்டாவது கதை பக்கத்துக் கடை அண்ணாச்சியுடையது. அவருக்குக் கொதிப்பு இருப்பது ஆறு வருடமாகத் தெரியும். மாத்திரையும் சாப்பிட்டு வந்தார். யாரோ குறைந்த விலையில் ஒரு வாட்ச் கொடுத்தார்கள். அது எச்சரிக்கையோடு நிற்காது. பொத்தானைத் தொட்டால் 'பி.பி.' என்று எண்ணையே காட்டும். தினமும் 122-க்கு 80, 120-க்கு 79. "தம்பி, எனக்கு எல்லாம் சரியாயிட்டுது. பாரு" என்று என்னிடமே காட்டினார். மாத்திரையை நிறுத்திவிட்டார். பொங்கல் வியாபாரம் முடிந்த பத்தாம் நாள் கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் அவருடைய அழகான கையெழுத்தில் இனி அந்தக் கடைப் பேரேடு எழுதப்படாது.

பிறகு அந்த வாட்ச்சை நாங்கள் வாங்கிச் சோதித்தோம். எனக்கு 121. கடைப் பையனுக்கு 119. சுருட்டிய வெற்றுச் சாக்கு ஒன்றின்மேல் கட்டினோம். அதற்கும் ஓர் எண் வந்தது. சாக்குக்கு ஏதய்யா இரத்தம்?

எந்த நிறுவனத்துப் பொருள் என்பது இங்கே முக்கியம் இல்லை. இரண்டு கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

எப்படி வேலை செய்கிறது?

பட்டை சுற்றும் மிஷின் இரத்தக் குழாயை அழுத்தி, ஓட்டத்தை நிறுத்தி, பிறகு மெல்ல விட்டு அளக்கிறது. 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி காட்டிய வழி இது. 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், குழாயில் கேட்கும் ஒலியை வைத்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கண்டுகொள்ளும் முறையைச் சொன்னார். நூறாண்டுக்கு மேலாக மருத்துவர்கள் நம்பும் தராசு அதுதான்.

கடிகாரம் எதையும் அழுத்துவதில்லை. அடிப்பக்கத்திலிருந்து தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. ஒவ்வொரு நாடித் துடிப்பிலும் இரத்தம் வந்து போகும்போது திரும்பி வரும் ஒளி கூடிக் குறைகிறது. அந்த அலையின் வடிவத்தைப் பார்த்து, கொதிப்பு உள்ளவர்களின் அலையைப் போல் இருக்கிறதா என்று கணிக்கிறது. அதாவது, மூட்டையைத் தூக்கிப் பார்க்கும் கைக்கணக்கு.

ஆப்பிள் நிறுவனத்தின் கடிகாரத்தில் உள்ள இந்த வசதிக்கு 2025 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. அது முப்பது நாள் விவரத்தைச் சேர்த்துப் பார்த்து எச்சரிக்கை மட்டும் தரும். எண் எதுவும் காட்டாது. 22 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், ஏற்கெனவே கொதிப்பு உள்ளது என்று கண்டறியப்பட்டவர்களுக்கும் அது உரியதன்று. எச்சரிக்கை வந்தால் ஏழு நாள் பட்டை மிஷினில் அளந்து மருத்துவரிடம் காட்டச் சொல்கிறது. சாம்சங் நிறுவனத்தின் கடிகாரம் எண்ணைக் காட்டும். 2020-இல் தென்கொரியாவில் அனுமதி பெற்றது. ஆனால் 28 நாளுக்கு ஒரு முறை பட்டை மிஷினோடு ஒப்பிட்டுச் சரி செய்ய வேண்டும். நாம் தராசுக்கு முத்திரை புதுப்பிப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

அனுமதி பெறாத கருவிகளை இரத்த அழுத்தம் அளக்க நம்பாதீர்கள் என்று அதே அமெரிக்க நிர்வாகம் 2025 செப்டம்பரில் பொதுமக்களுக்கு அறிவிப்பும் வெளியிட்டது. அண்ணாச்சியின் கையில் இருந்தது அப்படிப்பட்ட சரக்கு.

ஐந்தொகை போட்டுப் பார்ப்போம்

நல்ல கடிகாரமே என்றாலும் எவ்வளவு நம்பலாம்? நாம் வியாபாரிகள்; கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஆப்பிள் கடிகாரத்தின் சோதனையில் கிடைத்த விவரம் இது. கொதிப்பு உள்ள 100 பேரில் ஏறத்தாழ 41 பேரை அது கண்டுபிடித்தது. கொதிப்பு இல்லாத 100 பேரில் ஏறத்தாழ 92 பேர் விஷயத்தில் சரியாக மௌனமாக இருந்தது. மீதி 8 பேருக்குத் தவறாக எச்சரித்தது.

நம் சங்கக் கூட்டத்துக்கு, இதுவரை பிரஷரே பார்க்காத 100 உறுப்பினர்கள் இந்தக் கடிகாரத்தோடு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 30 பேருக்குத் தெரியாமலே கொதிப்பு இருக்கிறது என்போம். 30 பேரில் 12 பேருக்கு எச்சரிக்கை வரும். 18 பேருக்கு வராது. கொதிப்பு இல்லாத 70 பேரில் ஐந்தாறு பேருக்குத் தேவையில்லாமல் வரும்.

வரவுப் பக்கம் பாருங்கள். எச்சரிக்கை வந்த பதினேழு பதினெட்டுப் பேரில் 12 பேருக்கு உண்மையிலேயே கொதிப்பு. மூன்றில் இரண்டு பங்கு! அதனால் எச்சரிக்கை வந்தவர் அலட்சியம் செய்யக்கூடாது. நான் செய்யப் பார்த்ததைப் போலச் சிரித்துத் தள்ளக்கூடாது.

இப்போது பற்றுப் பக்கம். கடிகாரம் சும்மா இருந்த எண்பத்து சொச்சம் பேரில் 18 பேர் கொதிப்போடுதான் கூட்டத்திலிருந்து எழுந்து போகிறார்கள். அதாவது ஐந்து பேருக்கு ஒருவர். "என் வாட்ச் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு ஒன்றும் இல்லை" என்று அவர் நிம்மதியாகப் போவார். அந்த நிம்மதி வசூலாகாத கடனை வரவில் எழுதுவது போன்றது.

ஆக, என் கருத்து இதுதான். கடிகாரத்தின் எச்சரிக்கை பயனுள்ளது; கடிகாரத்தின் மௌனம் நற்சான்று ஆகாது. தெரு நாய் குரைத்தால் எழுந்து போய்க் கதவைப் பார்க்கிறோம். நாய் குரைக்கவில்லை என்பதற்காகக் கடையைப் பூட்டாமல் போவதில்லை.

நமக்கு ஏன் இது அவசியம்?

தமிழ்நாட்டில் 2020-இல் எடுக்கப்பட்ட தொற்றா நோய்கள் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பது தெரிய வந்தது. அவர்களில் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் பேர்தான். நூற்றுக்கு ஏழு பேர்! இதற்குப் பிறகுதான் 2021 ஆகஸ்டு 5-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டு, சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர்கள் வீட்டுக்கு வந்த நேரத்தில் நாம் எங்கே இருந்தோம்? கடையில். வீட்டில் எல்லாரையும் பார்த்துவிட்டுப் போனார்கள்; குடும்பத்தைத் தாங்குகிறவர் மட்டும் கணக்கில் விட்டுப் போனார்.

நம் வாழ்க்கை முறையும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். காலை ஆறு மணிக்குக் கடை திறப்பு. இரவு பத்துக்குச் சாத்துதல். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு. நடை கிடையாது. டீயும் வடையும் மிக்சரும் கைக்கு எட்டும் தூரத்தில். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. இதோடு கடன் வசூல், செக் திரும்புதல், வரிக் கணக்கு. கொதிப்புக்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. அதனால்தான் ஏமாறுகிறோம். தெரிய வரும்போது மூளையிலோ இதயத்திலோ சிறுநீரகத்திலோ சேதம் ஆகியிருக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, வாட்ச் இருக்கிறதோ இல்லையோ, முப்பது வயதைக் கடந்த ஒவ்வொரு வணிகரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பட்டை மிஷினில் பிரஷர் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கிறார்கள், மாத்திரையும் கிடைக்கிறது.

இரண்டாவது, பார்க்கும் முறை. மாடிப்படி ஏறி வந்த சூட்டோடும், வாடிக்கையாளரிடம் சத்தம் போட்ட கையோடும் பார்க்கக்கூடாது. டீ, காப்பி, புகை முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரு முறை பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் 140-க்கு 90, அல்லது வீட்டில் 135-க்கு 85, அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

மூன்றாவது, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தும் அதை நிறுத்தக்கூடாது. எண் சரியாக இருப்பதே மாத்திரையால்தான். கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் சொல்ல வேண்டியவை. வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி நான்கரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன்.

நான்காவது, இந்த வாட்ச்களை விற்கும் நம் உறுப்பினர்களுக்கு. எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருப்பவர்களும் செல்போன் கடை வைத்திருப்பவர்களும் நம் சகோதரர்கள்தான். ஆயிரத்தைந்நூறு ரூபாய் வாட்ச்சைக் காட்டி, "பி.பி. எல்லாம் பார்க்கும் சார்" என்று சொல்லி விற்கிறோம். மொத்த வியாபாரி சொன்னதை நாம் சொல்கிறோம். பெட்டியில் அச்சடித்திருக்கிறது, என் மேல் என்ன தப்பு என்கிறோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொய்யான விளம்பரத்தைக் குற்றமாகவே பார்க்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். முத்திரை இல்லாத தராசில் நிறுத்துக் கொடுத்தால் வாடிக்கையாளருக்குப் போவது நூறு கிராம் பருப்பு. இதில் போவது ஒருவருடைய கையும் காலும். "மணி பார்க்கலாம், நடைக் கணக்குப் பார்க்கலாம், பிரஷருக்கு நம்பாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லி விற்றால் விற்பனை குறைந்துவிடாது. அந்த வாடிக்கையாளர் நம்மைத் தேடி மறுபடி வருவார்.

சங்கம் செய்யலாமே!

கடைசியாக, செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கிளைச் சங்க அலுவலகத்திலும் கைப்புஜத்தில் சுற்றும் பிரஷர் மிஷின் ஒன்று வாங்கி வைக்கலாம். இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஒரு பேனர் செலவு. பக்கத்தில் ஒரு நோட்டு. சந்தா கட்ட வருகிறவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகட்டும். மே 5 வணிகர் தினம். மே 17 உலக உயர் இரத்த அழுத்த தினம். இடையில் உள்ள நாட்களில், மாலையில் கடைவீதியிலேயே முகாம் நடத்தினால் முதலாளி முதல் சுமை தூக்கும் தோழர் வரை எல்லாரையும் பார்த்துவிடலாம்.

வாட்ச் வாங்க வசதி உள்ளவர் வாங்கிக் கட்டட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. என் விஷயத்தில் அது நன்மைதான் செய்தது. ஆனால் அது தட்டி எழுப்பிய பிறகு நான் தராசுக்குப் போனதால்தான் அந்த நன்மை. அண்ணாச்சி தராசுக்குப் போகவில்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இடது கையால் தம் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். "நம்ம ஆளுங்ககிட்ட சொல்லுப்பா" என்றார். சொல்லிவிட்டேன்.